மண் கூடையும் மலைச் சைக்கிளும்

“சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுங்கன்னு வந்தேன். வாரா வாரம் மண்ணு சுமக்க விடறீங்க. இதுக்குப் பேசாம சேலத்துலயே ஒரு கொத்தனார்கிட்ட சேர்ந்திருப்பேன்.”

சொல்லிவிட்டு மங்கையர்க்கரசி தலையிலிருந்த கூடையைப் போட்டாள். இறக்கி வைக்கவில்லை, போட்டாள்.

குரு நாவல் மரத்து வேரில் உட்கார்ந்து கொய்யாக்காய் கடித்துக்கொண்டிருந்தாள்.

“சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுங்கன்னு வந்தேன்,” என்றாள் குரு. “வாரா வாரம் மண்ணு சுமக்க விடறீங்க. இதுக்குப் பேசாம சேலத்துலயே ஒரு கொத்தனார்கிட்ட சேர்ந்திருப்பேன். சரியா அக்கா? ஒரு வார்த்தையும் விட்டுப்போகலையே?”

“போகலை.”

“போன சனிக்கிழமையும் இதேதான். கொத்தனார் மட்டும் புதுசு.”

“சிவபெருமானும்தான் மண்ணு சுமந்தார், மிஸ். அவருக்குப் பிட்டாவது கிடைச்சுது.”

“அடியும் கிடைச்சுது,” என்று சொல்லிவிட்டு குரு கொய்யாவின் மறுபக்கத்தைக் கடித்தாள்.

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. பெயர் ஜெசிந்தா. ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் மலையிலிருந்து சைக்கிளில் இறங்கும் பந்தயங்களில் ஓட்டியவள். தோள்பட்டை எலும்பில் ஒரு உலோகத் தகடும், அலமாரியில் சில கோப்பைகளும், முகத்தில் அவசரமே இல்லாத ஒரு பாவமுமாக ஏற்காட்டுக்குத் திரும்பி வந்து, அப்பாவின் காப்பித் தோட்டத்துக்குள்ளும் அதை ஒட்டிய காட்டுக்குள்ளும் சைக்கிள் தடம் வெட்டினாள்.

சிஷ்யைக்கு ஐம்பது. மங்கையர்க்கரசி கான்வென்டில் படித்தவள். சொல்லிக் கொடுக்கிற பெண் யாராக இருந்தாலும் ‘மிஸ்’ என்றுதான் அவள் வாயில் வரும். தன் மகளாக இருக்கக்கூடியவளை அப்படிக் கூப்பிடுவதில் அவளுக்குக் கூச்சமில்லை. அந்த மிஸ் சொல்கிறபடி கேட்பதில்தான் கஷ்டம்.

சைக்கிள் அவள் மகனுடையது. கனடாவுக்குப் போகும்போது பால்கனியில் விட்டுவிட்டுப் போனான். கொஞ்ச நாள் அதில் ஈரத் துண்டு காயப் போட்டாள். பிறகு ஒருநாள் துண்டை எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்து காய்கறிக் கடைக்குப் போனாள். பிறகு அஸ்தம்பட்டி வரை. பிறகு மலையடிவாரம் வரை.

அதோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பந்தி நடுவில், நாத்தனார் பாயச வாளியோடு நின்று, “அண்ணி இனிமே கோலம் போடக்கூட வாசலுக்குச் சைக்கிள்லதான் வருவாங்க” என்றாள். இலைக்கு இலை சிரிப்பு.

மங்கையர்க்கரசி அப்பளத்தை நொறுக்கினாள்.

“ஏற்காட்டுல ஒரு எஸ்டேட்ல காட்டுத் தடம் இருக்கு. பங்களாவுலேர்ந்து கீழ குளம் வரைக்கும். இந்த மழைக்கு முன்னாடி அதுல இறங்கிக் காட்டறேன்.”

அவள் கணவர் அருணகிரி பக்கத்து இலையிலிருந்து, “அரசி சொன்னா சொன்னதுதான்” என்றார். பெருமையாகத்தான் சொன்னார். பிறகு தெரிந்தவர்களுக்கெல்லாம் அதைப் போனில் வேறு சொன்னார். இனி இறங்காமல் இருக்க வழியில்லை.

தடத்துக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது.

யார் வேண்டுமானாலும் பங்களாவிலிருந்து நாவல் மரத்து வளைவு வரை ஓட்டலாம். வளைவைத் தாண்டியதும் குறுக்கே ஒரு மூங்கில் கம்பு. அதற்குக் கீழேதான் உண்மையான இறக்கம்: வேர்களும் பாறையும் மர நிழலும் கடந்து குளம் வரை. வளைவில் கீறல் விழாமல் வந்தவருக்குக் கம்பு எடுக்கப்படும். கீறல் விழுந்தால், கீறியவரே அதை மண் போட்டு மூட வேண்டும்.

மண் பக்கத்தில் கிடைக்காது. வளைவுக்குக் கீழே, காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு குழி. மழை அடித்துக்கொண்டு போகிற மேல்மண் அதில் வந்து தேங்கும். அதை அள்ளி, கூடையில் போட்டு, தலையில் வைத்து, மேலே ஏற வேண்டும். கூடையைத் தலைக்குத் தூக்கி விடுவது குருவின் வேலை. மற்றதெல்லாம் சிஷ்யையின் வேலை.

கீறல் எப்படி விழும் என்பது சிஷ்யைக்குத் தெரியும். நாவல் வளைவு கண்ணில் பட்டதும் அவள் வலது கை தானாக பிரேக்கைப் பிடித்து நசுக்கும். பின்சக்கரம் நிற்கும்; சைக்கிள் நிற்காது. உருள வேண்டிய டயர் உழும். அந்த உழவு வழியாக மழைத்தண்ணீர் இறங்கினால் தடம் ஓடையாகிவிடும்.

தெரிந்து என்ன செய்ய. கை கேட்கவில்லை.

“பிரேக் பிடிக்காம இந்த வளைவை எப்படி எடுக்கறது, மிஸ்?”

குரு வெறுங்கூடையை நீட்டினாள். “இன்னும் ஒரு நடை பாக்கி.”

மங்கையர்க்கரசி கூடையை வெடுக்கென்று வாங்கி, கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்தபடி சரிவில் இறங்கினாள். கோபத்தில் கடகடவென்று இறங்கினாள். குழியருகே போய் நின்றாள்.

மேலேயிருந்து குரு கேட்டாள்: “இறங்கும்போது எதைப் பிடிச்சுக்கிட்டீங்க?”

“கூடையை.”

“கால் வழுக்குச்சா?”

“இல்லை.”

“எங்க பார்த்துக்கிட்டு இறங்கினீங்க?”

“குழியைத்தான். வேற எங்க பார்க்கறது? சீக்கிரம் முடிச்சிட்டு வீட்டுக்குப் போகணுமே.”

“சரி.”

“என்ன சரி?”

குரு இறங்கி வந்து கூடையைத் தூக்கி விட்டாள். வாயில் கொய்யா.

மே மாதக் கடைசி சனிக்கிழமை, மேகம் சேர்வராயன் மலைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

“திங்கள்கிழமை மழை,” என்றாள் குரு. “மழை வந்தா தடத்தை மூடிடுவேன். கம்பை அப்புறம் மாசியிலதான் எடுப்பேன்.”

“மழை கார்த்திகையோட முடிஞ்சிடுமே?”

“முடிஞ்சதும் காப்பிப் பழம் பறிப்பாங்க. பறிக்கிறவங்க நடக்கிற வழியில சக்கரம் கூடாது.”

மாசி வரை நாத்தனாரின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று மங்கையர்க்கரசி யோசித்தாள். நடுவில் தீபாவளி வருகிறது. பொங்கல் வருகிறது. நாத்தனார் இரண்டுக்கும் வருகிறாள்.

அன்று மாலை அவள் பங்களாவிலிருந்து தனியாக இறங்கினாள். குருவுக்கு ஒரு போன் வந்து, அவள் மேலேயே நின்றுவிட்டாள். சில்வர் ஓக் மரங்களின் நடுவே நன்றாகத்தான் வந்தாள். பலாமரத்து வேரைத் தாண்டினாள். நாவல் மரம் தெரிந்தது. கை நசுக்கிற்று.

இதுவரை விழுந்ததிலேயே நல்ல கீறல் அதுதான். வளைவின் உள்பக்கம், முழங்கை நீளத்துக்கு, பாத்திரம் வைக்கலாம் போலக் குழிந்து கிடந்தது.

அவள் மேலே பார்த்தாள். குரு இன்னும் வரவில்லை. குழியைப் பார்த்தாள். எத்தனை நடை ஆகும். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வானம் போகிற போக்கைப் பார்த்தால் திங்கள்கிழமைவரைகூடப் பொறுக்காது போலிருந்தது.

ஐம்பது வயதில் ஒரு பெண்மணிக்கு சில கலைகள் கைவந்திருக்கும். விருந்தாளியின் கார் தெருமுனையில் திரும்பும்போது அழுக்குத்துணியைக் கட்டிலுக்கடியில் தள்ளி, மெத்தைமேல் நல்ல விரிப்பாக ஒன்றைப் போட்டு, தலையைச் சரிசெய்துகொண்டு, “வாங்க வாங்க” என்று கதவைத் திறக்கிற கலை அதில் ஒன்று. மங்கையர்க்கரசி அதில் யாருக்கும் சளைத்தவள் அல்ல.

நாவல் மரத்தடி இலைகள் ஈரமாக, நசுங்கி, பார்க்கச் சகிக்காமல் கிடந்தன. அவள் கொஞ்சம் மேலே ஏறி, உலர்ந்த நல்ல இலைகளாகப் பார்த்து, மடி நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். கீறல்மேல் தூவினாள். தள்ளி நின்று பார்த்தாள். ஒரு ஓரம் திருப்தியில்லை. இன்னும் கொஞ்சம் தூவினாள்.

குரு வந்தாள். வளைவைப் பார்த்தாள். இலைகளைப் பார்த்தாள். தலையை நிமிர்த்தி நாவல் மரத்தைப் பார்த்தாள்.

“கீறல் இல்லை போலிருக்கே.”

“இல்லை, மிஸ்.”

“நாளைக்குக் காலையில கம்பை எடுத்துடறேன். நான் முன்னாடி போறேன். நீங்க பின்னாடியே வாங்க.”

அவளோடு ஏற்காட்டுக்கு வந்திருந்த அருணகிரி அன்றே தங்கைக்குப் போன் செய்தார். ராத்திரி எஸ்டேட் பங்களாவிலேயே தங்கினார்கள்; இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். அவர் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார். மங்கையர்க்கரசிக்கு முதல் முறையே இறங்கவில்லை.

“மிஸ்,” என்றாள். “அந்த வளைவை நீங்க எந்தப் பக்கமா எடுப்பீங்க?”

“உள்பக்கமா.”

“மெதுவாவா?”

“எதுக்கு மெதுவா? நல்ல தடம்தானே.” குரு தேங்காய்ப்பாலை நீட்டினாள். “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா அக்கா?”

“அந்தத் தோள்ல தகடு வெச்சிருக்கீங்களே. மறுபடி விழுந்தா என்ன ஆகும்?”

“டாக்டர் விழாதேன்னு சொல்லியிருக்கார்.”

“அப்புறம்?”

“விழறதில்லை.”

அருணகிரி சிரித்தார். மங்கையர்க்கரசி அவரைப் பார்த்த பார்வையில் அவர் இடியாப்பத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விடிந்ததும் மூவரும் வெளியே வந்தார்கள். அருணகிரி ஜீப் பாதையில் குளத்துக்கு நடந்தார், படம் பிடிக்க. போகும்போது, “சிரிச்ச முகமா வா அரசி, தங்கச்சிக்கு அனுப்பணும்” என்றார்.

குரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். பெடலில் ஒரு கால் வைத்தாள்.

“மிஸ், நில்லுங்க. நான் முன்னாடி போறேன்.”

“குருவுக்கு முன்னாடியா?”

“ஆமா.”

“எதுக்கு?”

காரணம் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம்தான். கான்வென்டில் சிஸ்டர் முன்னால் நகத்தை நீட்டிக்கொண்டு நின்ற நாளில்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

“சும்மாதான்.”

“சரி,” என்றாள் குரு. “போங்க.”

மங்கையர்க்கரசியின் திட்டம் எளிமையானது. முன்னால் போக வேண்டும். வளைவுக்கு முன்பே நின்று, வழியை மறித்து, சொல்லிவிட வேண்டும். பங்களா வாசலில் நின்று சொல்வதைவிடப் போகிற வழியில், அவசரத்தோடு அவசரமாகச் சொல்லிவிடுவது சுலபம் என்று நினைத்தாள்.

சில்வர் ஓக் மரங்கள் போயின. பின்னால் குருவின் சக்கரச் சத்தம் கேட்டது. பலாமரத்து வேர் தடதடவென்றது. பின்னால் இன்னும் சத்தம் கேட்டது. கிட்டத்தில் கேட்பதுபோல இருந்தது.

இப்போது நின்றால் அவள் வந்து என்மேல் மோதுவாள், என்று தோன்றிற்று. மோதினால் தகடு.

நாவல் மரம் தெரிந்தது. உள்பக்கம் இலைக்குவியல், விருந்தாளிக்காக விரித்த விரிப்புப் போல அழகாக இருந்தது. அதில் போக முடியாது. மீதி இருந்தது வெளிப்பக்கம். காப்பிச் செடிகள் உரசுகிற மேட்டோரம், இத்தனை வாரத்தில் அவள் ஒருநாளும் போகாத ஓரம்.

அந்த ஓரம் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தாள். மண் அள்ளுகிற குழியின் கரை தெரிந்தது. எத்தனையோ நடை நடந்த கரை. அதையே பார்த்தாள்.

சைக்கிள் சாய்ந்தது. அவளும் சாய்ந்தாள். ஒரு காப்பிக் கிளை ஹெல்மெட்டைத் தட்டிற்று. தடம் அவளை ஏந்திக்கொண்டு, சுற்றி, வளைவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டது.

குழியருகே சைக்கிளைக் காப்பிச் செடிமேல் போட்டுவிட்டு அவள் மேலே ஓடினாள். புடவைக்குப் பதில் போட்டிருந்த மகனின் டிராக் பேன்ட் இடுப்பை விட்டு நழுவியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறுகையை ஆட்டிக்கொண்டு ஓடினாள்.

“மிஸ், வேண்டாம், உள்பக்கம் வராதீங்க, அங்க பள்ளம் இருக்கு, நான்தான் மூடி வெச்சேன், இலைக்கு அடியில பள்ளம் இருக்கு.”

குரு வளைவுக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் சைக்கிள் நாவல் மரத்தில் சாய்ந்திருந்தது. கிளையில் மாட்டியிருந்த கூடையை எடுத்துக் கையில் வைத்திருந்தாள்.

மங்கையர்க்கரசிக்கு மூச்சு வாங்கிற்று. “நான்தான்,” என்றாள் மறுபடி. “நேத்து.”

குரு குனிந்து ஒரு இலையை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பல்பல்லாக வெட்டுப்பட்டு, அடிப்பக்கம் வெள்ளி பூசினதுபோல இருந்தது.

“சில்வர் ஓக்,” என்றாள். “நாவல் மரம் எப்போலேர்ந்து சில்வர் ஓக் இலை உதிர்க்க ஆரம்பிச்சுது?”

மங்கையர்க்கரசி மேலே பார்த்தாள். தலைக்கு மேலே பச்சைப் பசேலென்று நாவல்.

“நேத்தே தெரியுமா?”

“நேத்தே.”

“தெரிஞ்சும் உள்பக்கமா வேகமா போவேன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“நான் வாயே திறக்காம இருந்திருந்தா?”

“என்கிட்ட பிரேக் இருக்கே அக்கா.”

மங்கையர்க்கரசிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இடியாப்பம் இறங்காததை நினைத்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் குரு கேட்டாள்:

“நீங்க எங்க பிடிச்சீங்க?”

“என்னத்தை?”

“பிரேக்கை.”

மங்கையர்க்கரசி திரும்பி வெளிப்பக்கத்து ஓரத்தைப் பார்த்தாள்.

அங்கே கோல உருளையை ஓட்டினதுபோல ஒரே அளவாக, புள்ளி புள்ளியாக, டயரின் தடம் வளைந்து போயிருந்தது. எங்கேயும் மண் பெயரவில்லை.

அவள் இரண்டு எட்டு கீழே போய்க் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். தன் வலது கையை ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

கீழேயிருந்து அருணகிரியின் குரல் வந்தது: “அரசி, வர்றியா இல்லையா? போன்ல சார்ஜ் இறங்குது.”

“உங்க சைக்கிள் கீழ கிடக்கு,” என்றாள் குரு. “கம்பு எடுத்தாச்சு. போங்க.”

நாவல் இலைமேல் பொட்டென்று ஒரு துளி விழுந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

மங்கையர்க்கரசி மேகத்தைப் பார்த்தாள். கீழே கிடந்த சைக்கிளைப் பார்த்தாள். அதற்கப்பால் தடம் மரங்களுக்குள் நுழைந்து இறங்கியது. வேரும் பாறையும் கலந்த நல்ல இறக்கம். சொன்ன சொல் அதன் அடியில் போனோடு நின்றுகொண்டிருந்தது. பிறகு காலால் இலைகளை ஒதுக்கினாள். பள்ளம் நேற்றைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

“மழை வந்தா தடத்தை மூடிடுவீங்க.”

“மூடிடுவேன்.”

“எப்போ?”

“கடைசி ஆள் கீழ வந்து சேர்ந்ததும்.”

“கடைசி ஆள் யாரு?”

குரு ஹெல்மெட்டின் வாரை இறுக்கினாள்.

மங்கையர்க்கரசி தன் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் கையிலிருந்த கூடையைப் பிடுங்கினாள். கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். குழிக்குள் கிடந்த மண்வெட்டியை எடுத்து வெட்டினாள். மண் ஈரமாக, கறுப்பாக, புதுக் காப்பித்தூள் போல உதிர்ந்தது. கூடை நிறைய அள்ளினாள். மேலே கொஞ்சம் குவித்தும் வைத்தாள். பள்ளம் பெரிது, பாதி பாதியாகச் சுமக்க நேரமில்லை.

டிராக் பேன்ட்டின் நாடாவை இழுத்து முடிந்தாள். துண்டைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்தாள். கூடையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். முழங்கால்வரை வந்தது. இடுப்புக்கு வரவில்லை.

பக்கத்தில் காற்று சர்ரென்று போயிற்று. குரு வெளிப்பக்கத்து ஓரமாக, அவள் போட்ட கோலத்தின் மேலேயே ஓட்டிக்கொண்டு, வளைவைச் சுற்றி, கம்பு இருந்த இடத்தைத் தாண்டி, மரங்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். சீட்டியடிக்கிற சத்தம் கேட்டது. அதுவும் தேய்ந்தது.

மழை இலைமேல் சலசலக்க ஆரம்பித்தது.

“மிஸ், இதைக் கொஞ்சம் தூக்கி விட்டுட்டுப் போங்களேன்.”